பலர் எழுதும் நிரலுக்கு ஒரு நடை

ஓலைச்சுவடிகளைப் பெயர்த்தெழுதிப் பதிப்பிக்க முனைந்த சான்றோர் முதலில் எதிர்கொண்ட இடர்ப்பாடு பொருள் விளங்காமை அன்று. எழுத்து விளங்காமையே ஆகும். ஏடுகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் வேறுபாடின்றி நிற்கும். ரகரமும் காலும் ஒன்றுபோலவே காணப்படும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி கிடையாது. எழுதியவருக்கு இவையெல்லாம் இடராகத் தோன்றியிரா. அவர் தாம் பாடம் கேட்டதை நெஞ்சில் வைத்துக்கொண்டு எழுதினார். அவர் மறைந்து நூறாண்டு கழித்து அவ்வேட்டைக் கையிலெடுத்தவருக்கே அவை இடராயின. எழுதுவோர் ஒருவர், படிப்போர் பலர் என்னும் இந்த ஏற்றத்தாழ்வுதான் எழுத்தொழுங்கு பற்றிய ஆராய்ச்சி அனைத்திற்கும் தோற்றுவாய் எனலாம்.

தமிழ் மாணவர்க்குப் பழக்கமான இச்சிக்கல் கணிப்பொறித் துறையிலும் உண்டு என்பதைப் பலர் அறியார். அங்கு ஏட்டின் இடத்தில் நிரல் நிற்கிறது. ஒருவர் எழுதிய நிரலை உலகின் பல மூலைகளிலுள்ள ஆயிரக்கணக்கானோர் படித்துத் திருத்தி வளர்க்கும் முறைக்குத் திறந்த மூல மென்பொருள் என்று பெயர். அத்தகைய பெருந்திட்டம் ஒன்று, பல ஆண்டுகள் பலர் பலவாறு எழுதியபின், இனி அனைவரும் ஒரே நடையில் எழுதுவோம் என்று முடிவு செய்தால் என்ன நிகழும் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது.

நிரல் நடை என்பது யாது?

நடை என்றவுடன் செந்தமிழ் நடை, தனித்தமிழ் நடை என்று நம் எண்ணம் ஓடுதல் இயல்பே. நிரலில் நடை என்பது அதனினும் எளிய பொருளது. ஒரு கட்டளைக்கு உட்பட்ட வரிகளை இடப்புறத்திலிருந்து எவ்வளவு உள்தள்ளி எழுதுவது. அத்தள்ளலை டேப் எனும் தாவல் குறியால் செய்வதா, வெற்றிடங்களால் செய்வதா. நெளிவு அடைப்புக்குறியை அதே வரியின் இறுதியில் திறப்பதா, அடுத்த வரியில் திறப்பதா. ஒரு வரி எத்தனை எழுத்துகளுக்குள் அடங்கவேண்டும். பெயர்களை எவ்வாறு இடுவது. இவை போன்றனவே நடையாகும். சி மொழியைப் பொறுத்தவரை, பெயர் நீங்கலாக ஏனைய யாவும் கணிப்பொறிக்கு ஒன்றே. கம்பைலர் என்னும் மொழிமாற்றி வெற்றிடங்களைப் பொருட்படுத்துவதில்லை. ஐந்நூறு வரிகளை ஒரே வரியாகக் கொட்டினாலும் சலிப்பின்றிப் படித்துவிடும். பைத்தான் போன்ற மொழிகளில் உள்தள்ளலே பொருளைத் தீர்மானிக்கும் என்பது உண்மையே. அங்கும் எத்தனை வெற்றிடம், வரியை எங்கே முறிப்பது என்பன எழுதுவோர் விருப்பமே.

ஆகவே நிரல் நடை மனிதக் கண்ணுக்காக மட்டுமே உள்ளது. கணிப்பொறிக்குத் தேவையில்லாத ஒன்றுக்காக இத்துறை அறிஞர்கள் அரை நூற்றாண்டாக வழக்காடி வருவது வேடிக்கையாகத் தோன்றலாம். அவ்வழக்குகளிற் பெரும்பகுதி வேடிக்கையே என்பதை மறுப்பதற்கில்லை. வேடிக்கை அல்லாத பகுதி எது என்பதைப் பின்வரும் நிகழ்ச்சி காட்டும்.

இருமுறை வந்த ஒரு வரி

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசிகளுக்கும் கணிப்பொறிகளுக்கும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிட்டது. நாம் இணையத்தில் ஒரு வங்கியின் பக்கத்தைத் திறக்கும்போது, எதிரே இருப்பது மெய்யாகவே அவ்வங்கிதானா என்று சரிபார்க்கும் நிரற்பகுதியில் பிழை கண்டறியப்பட்டிருந்தது. அப்பகுதியில் வரிசையாகச் சில சோதனைகள் உண்டு. ஒவ்வொரு சோதனைக்கும் கீழே, 'இது தவறினால் இறுதிப் பகுதிக்குச் செல்க' என்னும் பொருள்பட ஒரு வரி உள்தள்ளி எழுதப்பட்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும் அவ்வரி இருமுறை வந்துவிட்டது. அடைப்புக்குறி இல்லாவிடின் சோதனைக்குக் கட்டுப்படுவது முதல் வரி ஒன்றே என்பது சி மொழியின் இலக்கணம். எனவே இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் உட்படாமல் எப்போதும் செயற்பட்டது. சோதனைகள் தவறாத நிலையிலும் நிரல் இறுதிப் பகுதிக்குத் தாவியது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் கடைசிச் சோதனை நடைபெறவே இல்லை. அதுவரை பிழை எதுவும் பதிவாகாமையால், விடை 'எல்லாம் சரி' என்றே வந்தது.

இங்கே நோக்கத்தக்கது யாதெனில், அவ்விரு வரிகளும் ஒரே அளவு உள்தள்ளப்பட்டிருந்தன. படித்தவர் கண்ணுக்கு இரண்டும் சோதனைக்கு அடங்கியவை போலவே தோன்றின. உள்தள்ளல் ஒன்று கூறிற்று. நிரல் வேறொன்று செய்தது. அந்த மூலநிரல் எவரும் படிக்குமாறு திறந்தே வைக்கப்பட்டிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

இதன் பின்னர், ஒற்றை வரியாயினும் அடைப்புக்குறி இட்டே தீரவேண்டும் என்று சிலர் விதித்தனர். அவ்விதி இருந்திருப்பின் இரட்டித்த வரி அடைப்புக்குள் விழுந்து தீங்கற்றுப் போயிருக்கும், அல்லது வெளியே விழுந்து கண்ணிற் பட்டிருக்கும் என்பது அவர்கள் வாதம். ஆனால் லினக்ஸ் கருவகத்தின் நடை விதியோ ஒற்றை வரிக்கு வீணாக அடைப்புக்குறி இடாதே என்று இதற்கு நேர்மாறாகக் கூறுகிறது. எவ்விதி சிறந்தது என்பதைவிட, உள்தள்ளல் பொய் சொல்லாதிருத்தலே முதன்மையானது என்பது என் கருத்து. கையால் அன்றி ஒரு கருவியால் அந்நிரல் ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தால், அடைப்புக்குறி இல்லாதபோதும் கருவி இரண்டாவது வரியை இடப்புறம் இழுத்து அதன் உண்மை நிலையைக் காட்டியிருக்கும். 2016இல் வெளிவந்த ஜிசிசி 6 மொழிமாற்றியில், ஏமாற்றும் உள்தள்ளலைக் கண்டால் எச்சரிக்கும் வசதி சேர்க்கப்பட்டது.

ஓபன்எஸ்எஸ்எல் நடை மாறிய வரலாறு

2014 ஏப்ரல் 7ஆம் நாள் இதனினும் பெரிய செய்தி வெளியாயிற்று. இணையத்தின் பாதுகாப்புப் பரிமாற்றங்களுக்குப் பெரிதும் பயன்பட்ட ஓபன்எஸ்எஸ்எல் என்னும் நிரல் நூலகத்தில் ஹார்ட்ப்ளீட் எனப் பெயரிடப்பட்ட பிழை இருப்பது அறிவிக்கப்பட்டது. எதிர்முனை அனுப்பும் அளவெண்ணைச் சரிபாராமல் நம்பியதால், ஒவ்வொரு வினவலுக்கும் 64 கிலோபைட் வரை பிறர் நினைவகச் செய்தி கசிந்தது. 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்பிலேயே அப்பிழை புகுந்துவிட்டது. ஈராண்டுக் காலம் திறந்த நிரலில் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது.

நடைக் குழப்பமே ஹார்ட்ப்ளீட் பிழைக்குக் காரணம் என்று கூறினால் அது மிகையாகும். விடுபட்டது ஓர் எல்லைச் சோதனை. அழகிய நடையிலும் அது விடுபட்டிருக்கக்கூடும். ஆயினும் அச்செய்திக்குப் பின்னர் உலகெங்கும் இருந்து அந்நிரலைத் திறந்து பார்த்தோர் அதன் தோற்றத்தைக் கண்டு மலைத்தனர். அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. எரிக் யங், டிம் ஹட்சன் ஆகிய இருவர் உருவாக்கிய எஸ்எஸ்எல்ஈஏஒய் என்னும் நூலகத்தின் வழித்தோன்றலாக 1998 டிசம்பரில் பிறந்ததே ஓபன்எஸ்எஸ்எல். அம்மூலப் பெயரின் இறுதி மூன்று எழுத்துகள் யங் அவர்களின் பெயர் முதலெழுத்துகளே ஆகும். நடையும் அவ்வாறே தனிமனிதர் ஒருவருடையதாக இருந்தது. அடைப்புக்குறியையே உள்தள்ளி எழுதும் அரிய வழக்கம் அதில் காணப்பட்டது. ஒருவர் எழுதிய நூலுக்கு அவர் நடை இருத்தல் குற்றமன்று. பின்வந்தோர் தத்தம் பழக்கத்தையும் அதனூடே கலந்தபோதுதான் குழப்பம் விளைந்தது.

2014 ஜூன் இறுதியில் ஓபன்எஸ்எஸ்எல் குழுவினர் தம் குறைகளைத் தாமே பட்டியலிட்டு ஒரு திட்ட அறிக்கை வெளியிட்டனர். தேங்கிக் கிடந்த முறையீடுகள், போதாத விளக்க நூல்கள், பிறர் பார்வைக்கு உட்படாத திருத்தங்கள் ஆகியவற்றோடு நடை ஒழுங்கின்மையும் அப்பட்டியலில் இடம்பெற்றது. தம் குறையைத் தாமே எழுதி உலகறிய வைக்கும் துணிவு எல்லா நிறுவனங்களுக்கும் வாய்ப்பதில்லை.

பின்னர் ஒரு நடை நூல் இயற்றப்பட்டது. அது லினக்ஸ் நடை நூலைத் தழுவியதே. ஆனால் அங்குள்ள எட்டு இட டேப் இங்கு நான்கு வெற்றிடமாயிற்று. அதையொட்டி 2015 ஜனவரியில் நிரல் முழுவதும் மறுவடிவம் பெற்றது. இண்டென்ட் என்னும் பழங்கருவியே இதற்குப் பயன்பட்டது. அக்கருவி விளக்கக் குறிப்புகளையும் தன் போக்கில் மடித்துவிடும் இயல்புடையது. குறிப்புகளில் சிலர் அட்டவணைகளும் படங்களும் எழுத்துகளாலேயே வரைந்து வைத்திருந்தனர். அவை சிதையாதிருக்க, அத்தகைய குறிப்புகளின் தொடக்கத்தில் ஒரு சிறு கோடு இட்டு 'இதைத் தொடாதே' என்று கருவிக்கு உணர்த்தவேண்டியிருந்தது. பெருமாற்றம் என்பது பொத்தானை அழுத்தியதும் முடிவதன்று. அதற்கு முன் மனிதர் உட்கார்ந்து செய்யும் இத்தகைய சிறுபணிகளே அதன் பெரும்பகுதி.

அக்குழுவினர் எடுத்த மற்றொரு முடிவு மிகவும் போற்றத்தக்கது. வளர்ந்துவரும் புதிய கிளையை மட்டும் மாற்றாமல், அப்போது பராமரிப்பிலிருந்த 0.9.8, 1.0.0, 1.0.1, 1.0.2 ஆகிய பழைய கிளைகளையும் அதே முறையில் மாற்றினர். காரணம் தெளிவானது. புதிய கிளையில் ஒரு பாதுகாப்புப் பிழை திருத்தப்பட்டால் அத்திருத்தத்தைப் பழைய கிளைகளிலும் ஒட்டவேண்டும். வடிவம் வேறுபட்டால் ஒட்டாது. ஒவ்வொன்றையும் கையால் எழுதவேண்டிவரும். அவசரத்தில் கையால் எழுதும்போது புதிய பிழை பிறக்கும். இவ்வுண்மைக்கு மறுதலையான சான்றும் உண்டு. ஹார்ட்ப்ளீட் செய்திக்குப் பின் ஓபன்பிஎஸ்டி குழுவினர் பிரித்தெடுத்து வளர்த்த லிப்ரெஎஸ்எஸ்எல், தன் மரபுக்குரிய வேறொரு நடைக்கு மாறிற்று. உடன்பிறந்த இரு நூலகங்களும் தத்தம் அளவில் ஒழுங்கு பெற்றன. ஆனால் ஒன்றன் திருத்தத்தை அப்படியே எடுத்து மற்றதில் ஒட்டுவது கடினமாயிற்று.

மத்னும் இஸ்னாதும்

மறுவடிவமைப்பை எதிர்ப்போர் கூறும் காரணங்களுள் வலிமை மிக்கது ஒன்று உண்டு. அதனை விளக்க நமக்கு நன்கு தெரிந்த ஒரு கலையிலிருந்து எடுத்துக்காட்டுத் தரலாம். புனிதமான அக்கலையோடு உலகியல் தொழில் ஒன்றை அளவறிந்தே ஒப்பிடவேண்டும் என்பதை மறவாமல் கூறுகின்றேன்.

நபிமொழித் தொகுப்பில் ஒவ்வொரு ஹதீஸும் இருபகுதிகளை உடையது. கூறப்பட்ட செய்தி மத்ன். அதனை யார் யாரிடமிருந்து கேட்டு அறிவித்தார் என்னும் தொடர் இஸ்னாத். தொடர் அறுந்த செய்தி, சொல்லளவில் எவ்வளவு சிறப்புடையதாயினும், அறிஞர்களால் தயக்கத்தோடுதான் நோக்கப்பட்டது. திறந்த மூலத் திட்டங்களிலும் இதனையொத்த ஓர் ஏற்பாடு உண்டு. கிட் போன்ற பதிப்பு மேலாண்மைக் கருவிகள், நிரலின் ஒவ்வொரு வரியையும் இறுதியாக மாற்றியவர் யார், எந்நாளில், என்ன காரணம் கூறி மாற்றினார் என்பதைக் காட்டும். பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட புரியாத வரி ஒன்றைக் காணும் புதியவர், அதனை நீக்கும் முன் இத்தொடரைப் பார்க்கிறார். 'இன்ன கருவியில் இன்ன பிழை வந்தது. அதனால் இவ்வரி சேர்க்கப்பட்டது' என்னும் குறிப்பு கிடைக்கிறது. வரி பிழைக்கிறது.

மறுவடிவமைப்பு என்ன செய்கிறது? மத்னில் ஒரு பொருளும் மாறுவதில்லை. ஆனால் தொட்ட வரிகள் அனைத்திற்கும் இறுதி அறிவிப்பாளராக மறுவடிவமைத்தவரே வந்து நிற்கிறார். இலட்சக்கணக்கான வரிகளின் கீழும் ஒரே பெயர், ஒரே நாள், ஒரே காரணம். பழைய தொடர் அழிந்துவிடவில்லை. அகழ்ந்து பார்த்தால் கிடைக்கும். ஆனால் அகழ்வதற்கு எத்தனை பேர் பொறுமை உடையர்? ஒழுங்குக்காக நினைவை விலையாகக் கொடுக்கிறோம் என்று மூத்த நிரலர்கள் வாதிட்டது வீண்பிடிவாதம் அன்று.

லினக்ஸ் வழி

லினக்ஸ் கருவகம் இவ்விலையைக் கொடுக்க விரும்பாத திட்டம் எனலாம். 1991இல் தோன்றிய அதன் நடை நூலை எழுதியவர் லைனஸ் டோர்வால்ட்ஸ். உள்தள்ளலுக்கு எட்டு இட டேப். மூன்று நிலைகளுக்கு மேல் உள்தள்ள நேர்ந்தால் குறை நடை விதியில் இல்லை, உன் நிரலில் உள்ளது என்னும் கண்டிப்பு. குனூ இயக்கத்தாரின் நடை விதிகளைக் கேலி செய்யும் தொடக்கம். இவற்றால் அந்நூல் புகழ்பெற்றது. எனினும் நிரல் முழுவதையும் ஒரே நாளில் மாற்றும் வேலையில் அவர்கள் இறங்கவில்லை. 2007 முதல் செக்பேட்ச் என்னும் கருவி புதிதாக வரும் திருத்தங்களைச் சோதிக்கிறது. அதையும் வழிகாட்டியாகக் கொள்க, மனித அறிவுக்கு மாற்றாகக் கொள்ளற்க என்று அவர்களுடைய நூலே எச்சரிக்கிறது. ஒரு வரிக்கு எண்பது எழுத்து என்னும் பழைய வரம்பைக் கடந்தால் கடிந்துவந்த அக்கருவி, 2020இல் நூறு எழுத்து வரை பொறுத்துக்கொள்ளுமாறு தளர்த்தப்பட்டது.

ஏற்கெனவே நன்கு இயங்கும் பகுதிகளில் நடையை மட்டும் திருத்தி அனுப்பினால் லினக்ஸ் பராமரிப்பாளர்கள் பலர் ஏற்பதில்லை. புதியவர்களின் ஆர்வத்தை அடக்கவும் அவர்கள் விரும்பவில்லை. எனவே 2008இல் தோன்றிய ஸ்டேஜிங் என்னும் பகுதி இதற்கு ஏற்ற களமாயிற்று. தரம் போதாத இயக்கிகள் அங்கே வைக்கப்பட்டு, கற்றுக்கொள்வோர் கையால் சீர்பெறுகின்றன. தேர்ந்த எழுத்தர் ஏட்டைத் தொடுமுன் மாணாக்கர்க்குப் பயிற்சி ஓலை கொடுப்பது போன்றதே இது.

இதற்கு நேர் எதிராக, கோ மொழி பிறக்கும்போதே நடையோடு பிறந்தது. 2009 நவம்பரில் அது வெளியிடப்பட்ட நாள்முதலாக அதனோடு கோஃப்மட் என்னும் கருவி உள்ளது. எழுதுவோர் விருப்பப்படி நடையைத் தேர்ந்தெடுக்க அதில் இடமே இல்லை. பழமை இல்லாத வீட்டில் பங்காளிச் சண்டை இல்லை, வேறு கூறுவதற்கில்லை.

ஜாங்கோ காத்திருந்த கதை

பழமையும் உண்டு, ஒழுங்கும் வேண்டும் என்போர்க்கு 2005இல் வெளிவந்த ஜாங்கோ என்னும் பைத்தான் திட்டம் பொறுமையின் பாடமாக அமைகிறது. பைத்தான் மொழிக்கு 2001 முதல் பெப் 8 என்னும் நடை நூல் உண்டு. அது கூறாமல் விட்ட இடங்களில்தான் நிரலர்கள் ஓயாது வாதிட்டனர். 2018இல் வுகாஷ் லாங்கா உருவாக்கிய பிளாக் என்னும் கருவி அவ்வாதங்களுக்கு இடமே வைக்கவில்லை. ஒரு வரிக்கு 88 எழுத்து என்பது முதலாக அனைத்தையும் அதுவே முடிவு செய்யும். வடிவம் மாற்றுமுன்னும் மாற்றியபின்னும் நிரலின் இலக்கண அமைப்பு ஒன்றாகவே உள்ளதா என்று தன் வேலையைத் தானே சரிபார்க்கவும் செய்யும்.

ஜாங்கோ குழுவில் இதற்கு எதிர்ப்பு இல்லாமற் போகவில்லை. கைத்திறனோடு அழகாக அடுக்கிய வரிகளைக் கருவி தட்டையாக்கிவிடும் என்றனர் சிலர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. பிளாக் தரும் வடிவம் எல்லாவிடத்தும் அழகியது என்று நானும் கூறேன். இருந்தும் 2019இல் முன்மொழிவு ஏற்கப்பட்டது. ஏற்றவுடன் செயற்படுத்தவில்லை என்பதே சிறப்பு. கருவி சோதனை நிலையில் இருக்கும்வரை அதன் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். மாறுந்தோறும் நிரல் முழுவதும் மறுபடி புரளும். ஆகவே காத்திருந்தனர். 2022 ஜனவரியில் பிளாக் நிலைபெற்ற பதிப்பாக வெளிவந்தது. பிப்ரவரியில் ஜாங்கோ நிரல் முழுவதும் மாற்றப்பட்டது.

திறந்த மூலத் திட்டங்களுக்குப் பங்களிக்க விரும்பும் நம் மாணவச் செல்வங்கள் இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். ஜாங்கோவில் அம்மாற்றம் பொருளை மாற்றும் வேறெந்தத் திருத்தத்தோடும் கலக்கப்படாமல் தனிப் பதிவாகச் செய்யப்பட்டது. ஒரு பிழையைத் திருத்தப் புகுந்த நாம், கண்ணை உறுத்தும் பிற வரிகளையும் ஒழுங்குபடுத்திவிட ஆசைப்படுவோம். அவ்வாறு செய்தால் சோதிப்பவர் முன் இருநூறு வரி மாறியதாகத் தெரியும். அவற்றுள் பொருள் மாறிய ஒரு வரி எது என்று அவர் தேடவேண்டும். முன்னர்க் கண்ட ஆப்பிள் பிழை போன்ற ஒரு வரி அந்த இருநூற்றுள் ஒளிந்துகொண்டால் எவர் கண்டுபிடிப்பார்? கவனக்குறைவால் வருவதும் அவ்வழியே வரும். தீய எண்ணத்தோடு நுழைப்பதும் அவ்வழியே வரும். வடிவத் திருத்தம் தனியாகவும் பொருள் திருத்தம் தனியாகவும் அனுப்பப்படவேண்டும் என்று பராமரிப்பாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி, அறுந்த தொடருக்கு என்ன தீர்வு? ஜாங்கோ காத்திருந்த காலத்திலேயே, 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 பதிப்பு அதற்கு வழி செய்தது. குறிப்பிட்ட சில பதிவுகளைப் புறக்கணித்து, அவற்றுக்கு முன் அவ்வரியை மாற்றியவர் யார் என்று காட்டுமாறு இப்போது கருவிக்குக் கட்டளையிடலாம். ஜாங்கோவின் மூலநிரற் கோப்புறையில் இதற்கென ஒரு சிறு கோப்பு உள்ளது. மறுவடிவமைத்த பதிவின் நாற்பது எழுத்து அடையாளம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. நிரலைத் தம் கணிப்பொறியில் இறக்கிக்கொள்வோர் அக்கோப்பைப் பயன்படுத்துமாறு தம் கிட் அமைப்பில் ஒருமுறை குறிப்பிடவேண்டும். குறிப்பிட்டால் பழைய அறிவிப்பாளர்கள் பெரும்பாலும் தத்தம் வரிகளின் அருகே மீண்டும் வந்து நிற்பர். குறிப்பிட மறந்தவர்க்கோ, பல ஆண்டுகள் பலர் எழுதிய வரிகளுள் பல 2022 பிப்ரவரியில் ஒரே நாளில் எழுதப்பட்டவை போலத் தோன்றும்.